வீட்டுத் தொட்டியில் வேட்டை மீன்கள்

அமேசான், ஒரினோகோ ஆறுகளில் வாழும் சிவப்புவால் கெளுத்தி ஒரு மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. தூண்டிலில் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள மீன்கள் சிக்கியதற்குப் பதிவுகள் உண்டு. வண்ணமீன் கடைக்கு வரும்போது அதே மீன் ஒரு விரல் நீளம்தான் இருக்கும். கரும்பழுப்பு முதுகு, வெண்பட்டை, நீண்ட மீசை, செம்மை படரத் தொடங்கிய வால் என்று பார்த்தவுடன் கண்ணைக் கவரும். பாலித்தீன் பையில் அடங்கும் அந்தக் குஞ்சும் ஆற்றின் ஆழத்தில் கிடக்கும் ராட்சதக் கெளுத்தியும் ஒரே உயிர். வேட்டை மீன் வளர்ப்பில் எழும் சிக்கல்களில் பெரும்பகுதி, இந்த இரண்டு உருவங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்கில் கொள்ளாததால் வருவதே.

வளர்ப்போர் நடுவே ‘மான்ஸ்டர் ஃபிஷ்’ என்ற பொதுப்பெயரில் புழங்கும் மீன்கள் உறவால் ஒன்றுபட்டவை அல்ல. வெள்ளி அரோவானாவும் அரபைமாவும் எலும்பு நாக்கு கொண்ட மிகப் பழைய மீன் வரிசையைச் சேர்ந்தவை. அலிகேட்டர் கார் அதைவிடத் தொன்மையான கிளையிலிருந்து வந்தது; அதன் உடலைச் சாய்சதுர வடிவில் எனாமல் போன்ற பூச்சுள்ள கடினச் செதில்கள் மூடியிருக்கும். ஆஸ்கரும் பீகாக் பாஸும் திலேப்பியாவின் உறவினர்களான சிக்லிட் குடும்பத்தவை. தென்கிழக்கு ஆசியாவின் ராட்சத விரால் நம் ஏரி விராலுக்கு நெருங்கிய சொந்தம். உயிருள்ள இரையை முழுதாக விழுங்கும் பழக்கமும், வளர்ந்தால் சாதாரண வீட்டுத் தொட்டியை மீறும் உடலும்தான் இவற்றை ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவருகின்றன.

எந்த மீன் எவ்வளவு வளரும் என்பதே முதலில் தெரிந்திருக்க வேண்டியது. ஆஸ்கர் 30 முதல் 35 செ.மீ. வரை வளரும். வெள்ளி அரோவானா 90 செ.மீ. எட்டும். ராட்சத விரால் ஒரு மீட்டரைத் தாண்டும். அலிகேட்டர் காருக்கு 2 மீட்டர் பெரிய அளவே அல்ல. 2011இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வலையில் சிக்கிய ஒன்று 148 கிலோ எடை இருந்தது. அரபைமா 2 மீட்டரை எளிதில் கடந்து, 3 மீட்டரை நெருங்கும். இந்தப் பட்டியலில் ஒரு நடுத்தர வீட்டின் தொட்டியில் ஆயுள் முழுவதும் வைத்துக் காப்பாற்றத்தக்கது ஆஸ்கர் ஒன்றே. பெரிய தொட்டிக்கு இடமும் செலவும் இருந்தால் அரோவானாவையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவை குளத்துக்கோ பொதுக் காட்சியகத்துக்கோ உரியவை.

வளர்ச்சி நிற்பதில்லை

தொட்டியின் அளவுக்குத் தகுந்தாற்போல மீன் வளரும், சிறிய தொட்டியில் வைத்தால் சிறியதாகவே இருந்துவிடும் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது. இதில் பாதி உண்மை இருக்கிறது. தீங்கு வருவதும் அந்தப் பாதியால்தான். பாலூட்டிகளைப் போலப் பருவம் வந்ததும் மீனின் வளர்ச்சி முற்றாக நின்றுவிடுவதில்லை. வேகம் குறையும், ஆனால் தொடரும். நெருக்கடியான தொட்டியில் கழிவு சேர்கிறது, உயிர்வளி குறைகிறது, உடலில் கார்ட்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு உயர்கிறது. இவை பசியையும் வளர்ச்சிச் சுரப்புகளையும் அடக்குகின்றன. மீன் குட்டையாகிறது என்றால் அது நோயுற்றிருக்கிறது என்றே பொருள். வளைந்த முதுகெலும்பும் மடிந்த செவுள்மூடியும் உடலுக்குப் பொருந்தாத பெரிய கண்களும் அதன் அடையாளங்கள். இருபது ஆண்டு வாழக்கூடிய மீன் மூன்று நான்கு ஆண்டுகளில் இறந்துபோகும்போது, அது ‘சிறிய வகை’யாக இருந்திருக்கும் என்று முடிவு கட்டப்படுகிறது.

நீளத்தை மட்டும் பார்த்து மீனை மதிப்பிடுவதும் ஏமாற்றும். உடல் வடிவம் பெரிதும் மாறாமல் நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். நீளம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்கு. 7 செ.மீ. நீளமும் சுமார் 5 கிராம் எடையும் உள்ள கெளுத்திக் குஞ்சு 70 செ.மீ. ஆகும்போது ஏறத்தாழ 5 கிலோவாகிவிடும். தின்பது, மூச்சுவிடுவது, கழிப்பது மூன்றும் எடையைத் தொடர்ந்து ஏறுபவை. ஒரு கிலோ எடைக்கு என்று பார்த்தால் பெரிய மீன் குஞ்சைவிடக் குறைவாகவே செலவிடும் என்பது உண்மை. ஆனால் மொத்தக் கணக்கில் அந்தச் சலுகை கரைந்துபோகிறது.

வாயின் வடிவமும் தொட்டியின் வடிவமும்

இரை பிடிக்கும் முறை ஒவ்வொரு மீனின் உடலையும் வேறு வேறாகச் செதுக்கியிருக்கிறது. தொட்டியை நீளமாகக் கட்டுவதா, அகலமாகக் கட்டுவதா, மேற்பரப்பில் எவ்வளவு இடம் விடுவது என்பதற்கான விடை அங்கிருந்தே கிடைக்கும்.

சிவப்புவால் கெளுத்தி அடித்தளத்தில் வாழ்வது. அகன்ற வாயைத் திடீரெனத் திறக்கும்போது வாய்க்குள் ஏற்படும் அழுத்தக் குறைவு, இரையைத் தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இயற்கையில் மீன், நண்டோடு ஆற்றில் விழும் பழங்களையும் அது தின்னும். இருட்டில் மீசையின் தொடுகையையும் சுவையையும் நம்பி விழுங்குவதால், தொட்டியில் கூழாங்கல், ரப்பர் உறிஞ்சி, தண்ணீர்ச் சூடேற்றி எது கிடைத்தாலும் விழுங்கிவிடும். ஆகவே அதன் தொட்டியில் தளர்வான பொருள் எதுவும் இருக்கலாகாது. கருவிகள் எல்லாம் சம்ப் எனப்படும் தனி வடிகட்டித் தொட்டிக்குள் போக வேண்டும்.

அரோவானா இதற்கு நேர் எதிர். அதன் முதுகு ஏறக்குறைய நேர்க்கோடாக இருக்கும், வாய் மேல்நோக்கித் திறக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்த அமேசான் காட்டில், கிளைகளில் ஊரும் வண்டுகளையும் சிலந்திகளையும் தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டருக்கும் அதிகமாகத் துள்ளிப் பிடிப்பது அதன் வாழ்க்கை முறை. அந்த உந்துதல் தொட்டியிலும் அணையாது. விளக்கைப் போடும்போதோ கதவு அறையப்படும்போதோ ஒரே துள்ளலில் வெளியே வந்து தரையில் கிடக்கும் அரோவானாக்கள் ஏராளம். கனமான, தாழிடப்பட்ட மூடி இல்லாமல் அரோவானாத் தொட்டி அமைக்கவே கூடாது. ஆழம் அதற்குப் பெரிதில்லை. மேற்பரப்பின் அகலமே முக்கியம்.

கார் மீன் பதுங்கியிருந்து, பக்கவாட்டில் தலையை வெட்டி இழுத்து இரையைப் பற்றும். நீண்ட, விறைப்பான உடல் அது. வளைந்து திரும்ப முடியாது. தொட்டியின் அகலம் மீனின் நீளத்தைவிடக் குறைவாக இருந்தால் மூக்கு கண்ணாடியில் உரசி, தாடை கோணிப்போகும். அகலம் மீனின் முழு நீளத்துக்காவது சமமாக, நீளம் அதைப் போல மூன்று மடங்காக இருப்பது பொதுவான குறைந்தபட்ச விதி. இந்த விதியில் வளர்ந்த உடலை இட்டுப் பார்த்தால், பட்டியலில் உள்ள பல மீன்களுக்கு வரவேற்பறையே தொட்டியாக வேண்டியிருக்கும்.

ஆஸ்கரின் வாயில் தாடை முன்னே நீள்கிறது. தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்றும் இருக்கிறது. முன்தாடை பிடித்துத் தர, தொண்டைத் தாடை அரைக்கும். சிக்லிட் மீன்களுக்கு இத்தனை விதமான உணவுப் பழக்கங்கள் வாய்த்ததற்கு இந்த இரட்டை ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். ஆஸ்கர் மணலைத் தோண்டும், செடியைப் பிடுங்கும், பிடிக்காத கல்லை இடம் மாற்றும். தன் எல்லையைத் தானே அமைத்துக்கொள்ளும் மீனுக்கு இவை இயல்பான வேலைகள். அதன் தொட்டியில் அழகுச் செடிகளை எதிர்பார்ப்பது பயனற்றது.

தண்ணீரின் கணக்கு

மீன் இறைச்சியையும் பூச்சியையும் தின்பது புரதத்துக்காக. புரதத்தின் எடையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். உடலில் சேராத நைட்ரஜனை மீன் அமோனியாவாக மாற்றி, பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் அப்படியே தங்கும்.

அமோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும். அமோனியம் அயனி அவ்வளவு நஞ்சல்ல. கட்டற்ற அமோனியா செவுளை எரிக்கும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பி.எச். மதிப்பும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் ஆயிரத்துக்கு ஆறு பங்கு மட்டுமே நஞ்சு வடிவம். பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கு, 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் ஒரே அளவு அமோனியா பல மடங்கு கொடியதாகிவிடுவது இதனால்தான்.

இந்த நஞ்சை அகற்றுபவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாகவும் இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்றே பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அதை முதன்மையாகச் செய்வது நைட்ரோஸ்பைரா என்பது 1998இல் தெரியவந்தது. 2015இல் நைட்ரோஸ்பைராவின் சில வகைகள் இரண்டு படிகளையும் தனியாகவே முடிக்கின்றன என்றும் கண்டறியப்பட்டது. வளர்ப்பவருக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. புதிய ஃபில்டர் முழுத் திறன் பெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் மீனை விட்டால் முதலில் அமோனியாவும் பிறகு நைட்ரைட்டும் உச்சத்துக்கு ஏறும். நைட்ரைட் இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை உயிர்வளி சுமக்க முடியாததாக மாற்றி, இரத்தத்தைப் பழுப்பாக்கும். தண்ணீர் நிறைய உயிர்வளி இருந்தும் மீன் மூச்சுத் திணறும். சிறிது சமையல் உப்பு இட்டால் அதிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் வழியிலேயே போட்டியிட்டு அதைத் தடுக்கும். நெருக்கடியில் கைகொடுக்கும் எளிய மருந்து இது.

இனி ஒரு கணக்கு. 2.4 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியில் சுமார் 1,600 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் மேலே சொன்ன 5 கிலோ கெளுத்தி ஒன்று மட்டும் இருக்கிறது. நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு, அதாவது 50 கிராம் பெல்லட் உணவு கொடுக்கப்படுகிறது. அதில் 45 விழுக்காடு புரதம் என்றால் 22.5 கிராம், அதிலுள்ள நைட்ரஜன் 3.6 கிராம். அதில் பாதிக்குச் சற்று மேல், 2 கிராம், அமோனியாவாகத் தண்ணீருக்கு வருவதாகக் கொள்ளலாம். ஃபில்டர் குறையில்லாமல் வேலை செய்தால் அது முழுவதும் நைட்ரேட்டாகி, லிட்டருக்கு நாளொன்றுக்கு 5.5 மில்லிகிராம் வீதம் ஏறும். வாரத்துக்கு 39 மில்லிகிராம். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினாலும், ஒவ்வொரு முறையும் பழைய நைட்ரேட்டில் பாதி தங்கிவிடுவதால், நாளடைவில் அளவு 77ஐத் தொட்டுவிட்டு 39க்கு இறங்குவதாக நிலைபெறும். அதை 40க்குள் நிறுத்த வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும்: மொத்தம் 1,600 லிட்டர். குளோரின் நீக்கப்பட்ட, வெப்பம் பொருந்திய தண்ணீர் வாரந்தோறும் அந்த அளவில் கிடைக்கும் வீடு எது என்பதை மீன் வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். லாரித் தண்ணீரை நம்பி வாழும் தெருவில் இந்த மீன் வளர்ப்பு கட்டுப்படியாகாது.

கணக்கு அதோடு முடியவில்லை. ஒரு கிராம் அமோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றப் பாக்டீரியாக்களுக்குச் சுமார் 4.6 கிராம் உயிர்வளி தேவை. 2 கிராமுக்கு 9 கிராம். 28 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் கரைத்து வைத்திருக்கும். 1,600 லிட்டரில் மொத்தக் கையிருப்பு 12.5 கிராம். ஆக, மீன் சுவாசிப்பதற்கு முன்பே, ஃபில்டரில் உள்ள பாக்டீரியாக்கள் ஒரு நாளில் அந்தக் கையிருப்பில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மேற்பரப்பைக் கலக்கி இடைவிடாமல் உயிர்வளியைச் சேர்க்கும் மோட்டார் நின்றால் என்ன ஆகும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். கோடையில் தண்ணீர் 32 டிகிரிக்குப் போனால் கரையும் உயிர்வளி 7.3 ஆகக் குறையும். அதே வேளையில் மீனின் தேவை கூடும். இன்வெர்ட்டரில் இணைத்த ஏர் மோட்டார் ஒன்றாவது இல்லாமல் பெரிய மீனை வைத்திருப்பது, மின்வெட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பதற்குச் சமம்.

இதே வினை தண்ணீரின் காரத் தாங்குதிறனையும் தின்கிறது. ஒரு கிராம் நைட்ரஜனுக்குக் கால்சியம் கார்பனேட் அளவில் 7 கிராமுக்குச் சற்று மேல் செலவாகும். நம் தொட்டியில் நாளொன்றுக்கு லிட்டருக்கு 9 மில்லிகிராம் குறையும். ஆர்.ஓ. கருவியில் வடித்த மென்னீரில் 50 மில்லிகிராம்தான் இருப்பு என்றால் ஆறு நாளில் தீர்ந்துவிடும். பிறகு பி.எச். சரசரவென்று விழும், பாக்டீரியாக்களும் வேலையை நிறுத்தும். தெளிவான தண்ணீரில், நன்றாகத் தின்றுகொண்டிருந்த மீன் ஒரு காலையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். மென்னீரை மட்டும் நம்பாமல் வீட்டுத் தண்ணீரில் ஒரு பங்கைக் கலப்பது பாதுகாப்பு.

அரபைமா, கார், விரால், ஆப்பிரிக்காவின் பிச்சிர் ஆகியவை காற்றையும் சுவாசிப்பவை. வளர்ந்த அரபைமா ஐந்து முதல் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்து இறக்கும். இதனால் இவை அழுக்குத் தண்ணீரைத் தாங்கும் என்று கருதப்படுகிறது. உயிர்வளிக் குறைவைத் தாங்கும் என்பது சரி. ஆனால் அமோனியா வெளியேறுவது இவற்றுக்கும் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான். நஞ்சு அவற்றையும் விடாது. இவை மேலே வந்து சுவாசிக்க, மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே வெதுவெதுப்பான காற்று நிற்க ஒரு சாண் இடமாவது விட வேண்டும்.

எடை

தண்ணீர் ஒரு கன மீட்டருக்கு ஒரு டன். நம் எடுத்துக்காட்டுத் தொட்டி, கண்ணாடியும் தாங்கியும் சேர்ந்து, இரண்டு டன்னை நெருங்கும். இந்தியக் கட்டட நெறிமுறைப்படி குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படுகிறது. 75 செ.மீ. ஆழத் தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 750 கிலோ. சுமை அறை முழுவதும் பரவாமல் ஓரிடத்தில் நிற்பதால் உடனே தளம் உடைந்துவிடாது. ஆனாலும் மாடி வீட்டில், உத்தரம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் இத்தகைய தொட்டியை வைக்கக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டே ஆக வேண்டும். தரைத்தளத்தில் கட்டிய சிமெண்ட் தொட்டியோ நாரிழைத் தொட்டியோ பெரிய மீன்களுக்குக் கண்ணாடியைவிட மலிவானது, பாதுகாப்பானது.

உணவு

வேட்டை மீனுக்கு உயிர்மீனைப் போடுவது இயற்கையானது என்ற எண்ணமும், இரை பிடிக்கும் காட்சியின் கவர்ச்சியும் சேர்ந்து, மலிவான தங்கமீன்களைத் தீனியாக்கும் வழக்கத்தை வளர்த்திருக்கின்றன. இதில் இரண்டு தீமைகள் உண்டு. நெரிசலான தொட்டிகளில் வளரும் தீனி மீன்கள் நங்கூரப் புழு, மீன் பேன் போன்ற ஒட்டுண்ணிகளையும் பாக்டீரியா நோய்களையும் கொண்டுவரும். இரண்டாவது தீமை கண்ணுக்குத் தெரியாதது. தங்கமீன், கெண்டை இனங்களின் திசுக்களில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐ அழிக்கும். அதையே தொடர்ந்து தின்னும் வேட்டை மீன், வயிறு நிறைந்திருந்தும் பி1 குறைபாட்டால் நரம்புத் தளர்ச்சி கண்டு, சமநிலை இழந்து சுழலும்.

மாட்டிறைச்சி போன்றவையும் அன்றாட உணவாகத் தகாதவை. பாலூட்டிகளின் கொழுப்பு மீனின் உடல் வெப்பத்தில் இறுகியே இருக்கும். ஈரலில் படிந்து அதைக் கெடுக்கும். இறால், தோலோடு மீன் துண்டு, மண்புழு, வண்டு, வெட்டுக்கிளி ஆகியவற்றோடு நல்ல பெல்லட் கலந்த உணவே ஏற்றது. குஞ்சுப் பருவத்திலேயே பெல்லட்டுக்குப் பழக்குவது எளிது. உயிர் இரைக்கு மட்டுமே வாய் திறக்கும் அரோவானாவை இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, இறால் துண்டை நூலில் ஆட்டிக் காட்டி, பிறகு பெல்லட்டுக்கு மாற்றுவது வளர்ப்போர் கையாளும் வழி.

அளவில் கட்டுப்பாடு தேவை. ஆற்றில் வேட்டை மீன் தினமும் இரை பிடிப்பதில்லை. கிடைத்தபோது வயிறு நிறையத் தின்று, பல நாள் சும்மா இருக்கும். குஞ்சுக்கு நாள்தோறும் உணவு வேண்டும். வளர்ந்த பெரிய கெளுத்திக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை போதும். மேலே போட்ட நைட்ரஜன் கணக்கைப் பாதியாக்க இதைவிட எளிய வழி கிடையாது.

உடன் வாழ்பவை

வாய்க்குள் அடங்குவது எல்லாம் இரை என்பதே அடிப்படை விதி. வேட்டை மீன் தன்னில் பாதி நீளமுள்ள இரையையும் விழுங்கப் பார்க்கும். முள்ளுள்ள சிறு கெளுத்தி தொண்டையில் குத்தி நின்று இரண்டும் சாவது உண்டு. அடித்தளத்தில் வாழ்வது, நடுநீரில் வாழ்வது, மேற்பரப்பில் வாழ்வது என்று அடுக்குகளைப் பிரித்து, ஒத்த அளவுள்ளவற்றைச் சேர்த்தால் சச்சரவு குறையும். இணை சேர்ந்த ஆஸ்கர்கள் முட்டையிட்ட பிறகு தொட்டியின் மற்ற மீன்கள் எல்லாம் ஒரு மூலைக்குத் துரத்தப்படும். ராட்சத விரால் வளர்ந்த பின் எதனோடும் சேராது. தனித்தே வைக்க வேண்டும்.

தொட்டியை மீறிய பின்

மீன் பெரிதாகிவிட்டது, இடமில்லை, வாங்கிக்கொள்ள ஆளில்லை. பொதுக் காட்சியகங்களிலும் இத்தகைய மீன்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும். அப்போது அருகில் உள்ள ஏரியோ ஆறோ கருணையான தீர்வாகத் தோன்றுகிறது. அந்தக் கருணைக்கு நீர்நிலைகள் கொடுத்த விலை பெரிது.

பனாமாவின் காட்டூன் ஏரிக்குள் 1967இல் பீகாக் பாஸ் தப்பி நுழைந்தது. சில ஆண்டுகளில் ஏரியின் பொதுவான உள்நாட்டு மீன்களில் பெரும்பாலானவை காணாமல் போயின. அவற்றை நம்பியிருந்த பறவைகள் குறைந்தன. சிறு மீன்கள் கொசுப் புழுக்களைத் தின்பதும் நின்றது. தாமஸ் ஸாரெட், ராபர்ட் பெய்ன் இருவரும் 1973இல் வெளியிட்ட அந்த ஆய்வு, ஒரே ஒரு வேட்டை மீன் முழு உணவு வலையை எப்படிக் கலைக்கிறது என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் குரோஃப்டன் என்ற ஊரின் குளத்தில் 2002இல் வடக்கத்திய விரால் கண்டெடுக்கப்பட்டது. தொட்டியை மீறி வளர்ந்த இரண்டு மீன்களை ஒருவர் அங்கே விட்டிருந்தார். குளத்துக்கு நஞ்சிட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கிடைத்தன. அதே ஆண்டில் விரால் இனங்களை உயிரோடு இறக்குமதி செய்வதை அமெரிக்கா தடைசெய்தது.

இந்தியாவும் விலக்கல்ல. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் வலையில் சிக்கின. காஷ்மீரின் தால் ஏரியில் 2023இல் அலிகேட்டர் கார் ஒன்று பிடிபட்டது. சாலக்குடி ஆறு மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய, உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் பலவற்றின் வீடு. வெள்ளம் தொட்டிகளையும் பண்ணைக் குளங்களையும் உடைத்து ஆற்றோடு இணைத்துவிடும் என்பதால், வேண்டுமென்றே விடாதவர்களின் மீன்களும் ஆற்றுக்குப் போகும். தாழ்வான பகுதிகளில் திறந்த குளத்தில் அயல் வேட்டை மீன் வளர்ப்பது அதனாலேயே தவறு.

இனி வளர்க்க இயலாத மீனைக் கடையிடமோ பெரிய வசதி உள்ள வளர்ப்பாளரிடமோ ஒப்படைக்கலாம். எதுவும் கூடாதபோது, கால்நடை மருத்துவரின் துணையோடு கிராம்பு எண்ணெய் போன்ற மயக்க மருந்தை மிகுந்த அளவில் கொடுத்து வலியின்றி உயிரை முடிப்பது, ஆற்றில் விடுவதைவிடப் பொறுப்பான செயல். மனம் ஒப்பாத முடிவுதான். ஆனால் அது ஓர் உயிரோடு நிற்கிறது.

சட்டமும் இதில் நுழைந்திருக்கிறது. ஆசிய அரோவானா 1975 முதல் சைட்டிஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவுபெற்ற பண்ணைகளில் பிறந்து, உடலில் நுண்சில்லு பொருத்தப்பட்ட மீன்களுக்கு மட்டுமே பன்னாட்டு வணிகம் அனுமதி. அரபைமா இரண்டாம் பட்டியலில் உள்ளது. இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது சைட்டிஸ் உயிரினங்களுக்கென்று தனி அட்டவணை சேர்க்கப்பட்டது. அவற்றை வைத்திருப்போர் அரசிடம் தெரிவித்துப் பதிவுசெய்ய வேண்டும்.

வீட்டில் அடங்கும் வேட்டைக்காரர்கள்

வேட்டையாடும் நடத்தையைக் காண ராட்சத உடல் தேவையில்லை. ஆப்பிரிக்காவின் செனகல் பிச்சிர் பெரும்பாலும் 30 செ.மீ. அளவில் நின்றுவிடும். வரிசையாக விரியும் முதுகுத் துடுப்புகள், காற்றை விழுங்கும் நுரையீரல், தரையில் ஊன்றி நடக்கும் மார்புத் துடுப்புகள் என்று பெரிய கார் மீனிடம் காணக்கூடிய தொன்மை முழுவதும் அதனிடம் உண்டு. 150 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள தொட்டி அதற்கும் ஓர் இணை ஆஸ்கருக்கும் போதுமானது, இரண்டையும் தனித்தனித் தொட்டியில் வைத்தால்.

நம் வயல் வாய்க்கால்களின் குறவையும் மலை ஓடைகளில் வாழும் சன்னா கச்சுவா என்ற குட்டை விராலும் இன்னும் சிறியவை. கச்சுவா 20 செ.மீ. அளவில் நிற்கும். இலைச்சருகுக்கு அடியில் பதுங்கி, கண்களைச் சுழற்றி, நீர்ப்பூச்சியை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்து பாயும். முட்டைகளையும் குஞ்சுகளையும் ஆண் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அது எதையும் தின்பதில்லை. 90 செ.மீ. நீளத் தொட்டி, அடியில் சருகும் கல்லிடுக்கும், தண்ணீருக்கு மேல் காற்றிடம், இடுக்கில்லாத மூடி: ஓர் இணைக்கு இவை போதும். வாரம் மூன்று முறை மண்புழுவும் இறாலும் கொடுத்து, கால்பங்குத் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றினால் நைட்ரேட் கட்டுக்குள் நிற்கும்.